ஆவணம் இல்லாதவர்க்கு வரலாறு இல்லையா?

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில், வட்டவடையில் பூண்டு பயிரிட்டு வாழும் என் அப்பத்தாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் முறை பற்றிக் கட்டுரை வாசித்தேன். தலைமை வகித்த பேராசிரியர் இப்படி முடித்தார்: "ஆவணம் இல்லாதவர்க்கு வாழ்க்கை வரலாறு எழுத இயலாதம்மா. இது இனவரைவியல் தரவு. அந்த அளவில் நன்று." மறுமொழி கூற நேரமில்லை என்றார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இவ்வகைமைக்குத் தமிழில் அளவுகோலாக நாம் அனைவரும் காட்டும் நூல் உ.வே.சா. எழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம். பிள்ளை 1815இல் பிறந்து 1876இல் மறைந்தவர். உ.வே.சா. அவரிடம் மாணவராகச் சேர்ந்தது 1871இல். அதற்கு முந்தைய ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எதையும் அவர் கண்ணால் கண்டவரல்லர். நூல் வெளிவந்ததோ 1933, 1934ஆம் ஆண்டுகளில். செய்யுள்களும் கடிதங்களும் உதவின என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பழகியவர்களிடம் கேட்டறிந்தவற்றை நீக்கிவிட்டால், பிள்ளை இயற்றிய நூல்களின் பட்டியலுக்கு மேல் அதில் எவ்வளவு எஞ்சும்? 'என் சரித்திரம்' நூலில் ஒரு காட்சி வருகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்த மகாவித்துவானின் வீட்டில் எண்ணெய் இல்லை. உடனிருந்த மாணவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை நெஞ்சில் வைத்திருந்து எழுதுகிறார். அந்த எண்ணெயை எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவது?

நினைவு பிழைபடும் என்பார்கள். பிழைபடும்தான். ஆனால் அதற்கான காப்பு நம் மொழியிலேயே இருக்கிறது. மொழியியல் படித்ததால் எனக்கு இதில் சற்றுப் பிடிவாதம் உண்டு. "எங்க முன்னோருங்க மதுரைப் பக்கத்துலருந்து வந்தாங்களாம்" என்று அப்பத்தா சொல்வாள். அடுத்த மூச்சிலேயே "இந்த மேட்டுல நான் கோதுமை அறுத்திருக்கேன்" என்பாள். முதல் தொடரில் 'ஆம்' உண்டு; இரண்டாவதில் இல்லை. கேட்டது எது, கண்டது எது என்று வினைமுற்றுதோறும் அவள் பிரித்துக் காட்டிவிடுகிறாள். சோழர் மெய்க்கீர்த்தி எதிலாவது இந்த 'ஆம்' உண்டா? கல்லில் வெட்டியது என்பதற்காக அதைச் சான்று என்கிறோம். களப்பதிவை எழுத்தாக்கும் ஆய்வாளர்கள் முதலில் வெட்டி எறிவது இந்த ஓரசையைத்தான். வெட்டிவிட்டு, தகவலாளி சொல்வதை நம்ப முடியவில்லை என்று அடிக்குறிப்பும் போடுகிறார்கள்!

ஆவணமே வாழ்க்கை வரலாற்றை ஆக்கிவிடும் என்றால் மணிவிழா மலர்கள் தலைசிறந்த இலக்கியமாகியிருக்க வேண்டும். நிழற்படம், நியமன ஆணை, பொன்னாடை எல்லாம் அவற்றில் இருக்கின்றன; மனிதரைத்தான் காணோம். புதுமைப்பித்தன் இறந்து மூன்றே ஆண்டுகளில், 1951இல், ரகுநாதன் எழுதிய வரலாற்றை அவற்றுக்கு அருகில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஊருக்கு வருகிறேன். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதன் பிறப்பிடமும் இயல்பும் பதிவேட்டில் உள்ளன. அதை விளைவித்த ஒருவரின் வாழ்க்கை முழுமையாக எழுதப்பட்டு நான் கண்டதில்லை. எங்கள் ஊரில் வெளியுலகம் அறிந்த ஒரே வாழ்க்கை, 2018 ஜூலையில் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் குத்திக் கொல்லப்பட்ட அபிமன்யுவினுடையது. அவன் தாய் தமிழில் அரற்றிய சொற்களே பின்னர் ஒரு மலையாளத் திரைப்படத்துக்குப் பெயராயின. அந்த இருபது வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதியது முறையே. கொலையுண்ணாமல் எண்பதைக் கடந்த ஒருத்தி மட்டும் ஏன் 'தரவு' ஆகிவிடுகிறாள்?

அப்பத்தாவுக்கு இப்போது காது மங்கி வருகிறது. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது. அவளோடு கோதுமை அறுத்தவர்களில் இருவர்தாம் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது அவள் சொல்வதோடு சில இடங்களில் பொருந்தவில்லை. மூன்றையும் அப்படியே எழுதி வருகிறேன், 'ஆம்' உட்பட. தொகுப்பில் சேர்க்க வேண்டுமானால் தலைப்பிலுள்ள 'வாழ்க்கை வரலாறு' என்பதை மாற்றித் தரும்படி நேற்று மின்னஞ்சல் வந்தது. மாற்றப்போவதில்லை.