மீன் வாங்கும் முன் பாக்டீரியா வளருங்கள்!

கீழ்பென்னாத்தூரில் இருந்து திருவண்ணாமலைக்கு பஸ் ஏறி, ஆசை ஆசையாகக் கண்ணாடித் தொட்டியும் நாலு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கி வருகிறார்கள். அன்றைக்கே தண்ணீர் நிரப்பி மீனை விடுகிறார்கள். அடுத்த வாரமே மீன்கள் ஒவ்வொன்றாக மேலே மிதக்கின்றன. "தண்ணி பளிச்னுதானே இருந்துச்சு?" என்று பெரியவர்கள் குழம்ப, "உனக்குக் கைராசி இல்லை" என்ற பழி குழந்தை மேல் விழுகிறது.

பிரச்னை கைராசியில் இல்லை. அந்தப் பளிச் தண்ணீரில்தான் இருக்கிறது.

மீனின் கழிவில் இருந்தும், செவுள் வழியாகவும் அமோனியா வெளியேறுகிறது. மிச்சத் தீனி அழுகினாலும் அதுவே. இது மீனுக்கு விஷம். ஆனால், கண்ணுக்குத் தெரியாது. ஏரி, குளங்களில் இதைச் சமாளிக்க பாக்டீரியாக்கள் உண்டு. நைட்ரோசோமோனாஸ் போன்றவை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் ஆபத்துதான். அது ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுப்பதால், மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அடுத்து வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை, அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றிவிடும்.

இந்த பாக்டீரியாக்களை 1890-களிலேயே பிரித்துக் காட்டியவர், ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி. நன்னீர் மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றும் முக்கிய வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்பது 1998-ல் வெளியான ஆய்வில்தான் தெரியவந்தது.

புதுத் தொட்டியில் இவை போதுமான அளவுக்குப் பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். கிரிவலக் கணக்கில் சொன்னால், ஒரு பௌர்ணமியில் தொட்டி வைத்தால், அடுத்த பௌர்ணமி தாண்டித்தான் அது தயாராகும்.

என்ன செய்யலாம்?

* மீன் விடாமலே ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடுங்கள். அது அழுகிவரும் அமோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு.

* நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும்.

* டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட் இரண்டும் 0 காட்டிய பிறகு, ஓரிரு மீன்களில் தொடங்குங்கள்.

* தண்ணீரில் காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அமோனியாவின் விஷமும் ஏறும். கோடையில் தொட்டி வைப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

செய்யக் கூடாதது?

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தொட்டியைக் கவிழ்த்து, கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவுவது பல வீடுகளில் வழக்கம். பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட, கல்லிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டித்தான் வாழ்கின்றன. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அவை செத்துப்போகும். சுத்தம் என்ற பெயரில் தொட்டி மறுபடி முதல் நாளுக்கே போய்விடும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். அப்போது எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்தால் போதும். புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகே ஊற்றுங்கள்.

இந்த பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். இரவில் சத்தமாக இருக்கிறது என்று மோட்டாரை நிறுத்தாதீர்கள். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில், பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

மீன் மேலே வந்து திணறினால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். முதலில் தீனியை நிறுத்தி, பாதித் தண்ணீரை மாற்றி, ஏர் பம்ப்பை வேகமாக ஓடவிடுங்கள். பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றுவது அந்த அரை மணி நேர வேலைதான்.