வாடையிலும் சோளகத்திலும் ஒரே குளக்கரை
கொழும்பில் விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது, கண்டிப் பக்கம் பேராதனைப் பூங்கா இருக்கிறது, நம் புத்தளக் கரையில் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது என்று கேட்பவர்களுக்கு நான் ஆனைவிழுந்தானைத்தான் சொல்வேன். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, ஒன்றின் நீர் மற்றொன்றுக்கு வழியும்படி முன்னோர் அடுக்கடுக்காகக் கட்டிய குளங்கள் அவை. 2001இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறிய இடம். ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வாடைக்காற்றோடு மார்கழியில் போனால் வலசை வந்த வாத்துகள் நீரில் மிதக்கும்; சோளகம் அடிக்கும் ஆடியில் போனால் நீர் வற்றிய ஓரச் சேற்றில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருக்கும். "அந்தக் குருவியெல்லாம் எங்க வாப்பா?" என்று பிள்ளை கேட்கும். சைபீரியா வரை நீளும் அந்தப் பயணத்தை அங்கே நின்று சொல்வதுபோல் எந்த வகுப்பறையிலும் சொல்ல முடியாது. இதைப் பூங்காவாக்குகிறோம் என்று யாரும் சீமெந்தும் ஓடும் கொண்டுவர வேண்டாம். மரநிழலில் நாலு இருக்கை, சுத்தமான கழிப்பறை, அவ்வளவே போதும். 2020இல் இறால் பண்ணைக்காக இங்கே கண்டல்களை வெட்டிச் சாய்த்தது நமக்குத் தெரியும். இலங்கையின் கண்டல் மீளமைப்பை 2024இல் ஐ.நா. உலக முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக ஏற்றதும் தெரியும். பெரியவர்கள் அழித்ததையும் மறைக்காமல் சொல்லி, நட்ட கன்றுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அடுத்த வாடைக்கு எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்று அவர்களே பார்க்கட்டும்.