ஆர்வம் இல்லையாம்!

வாசிப்பு நாளான ஜூன் 19 வந்துவிட்டால் எங்கள் பக்கத்து மேடைகளில் ஒரே பேச்சுதான். "நூலகம் திறந்தே கிடக்கிறது, அட்டை எடுக்கத்தான் ஆளில்லை. இலவசமாகக் கொடுத்தாலும் மக்களுக்கு ஆர்வமில்லை. எல்லாவற்றையும் கைபேசி தின்றுவிட்டது." பேசுகிறவர் மாறுவார், பொன்னாடையின் நிறம் மாறும், பேச்சு மட்டும் மாறாது. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கேரளத்துப் போனக்காட்டுத் தமிழன் என்ற முறையில் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கைபேசி. வாசிப்பைக் கெடுத்தது அதுதான் என்றால், சிக்னலுக்காக மேடு மேடாக ஏறி நிற்கும் எங்கள் தோட்டக் குடியிருப்பு லயங்களில் இந்நேரம் வீட்டுக்கு வீடு கம்பராமாயணம் அல்லவா ஓதிக்கொண்டிருக்க வேண்டும்? இந்த வாதத்துக்கு இதற்கு மேல் மதிப்பில்லை.

அடுத்து, "இலவசம்". யார் வீட்டுப் பணத்தில் இலவசம்? 1989-ஆம் ஆண்டின் கேரளப் பொது நூலகச் சட்டப்படி, கட்டட வரி ரூபாய்க்கு 5 பைசா நூலக வரியாகப் போகிறது. தமிழ்நாட்டில் அது 10 பைசா. அங்கே சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. மக்கள் கட்டிய பணத்தில் வாங்கிய புத்தகத்தை மக்களுக்கே இரவல் கொடுப்பதற்குத் தானம் என்று பெயர் வைக்க வேண்டாம். அதிலும் பல இடங்களில் முன்பணம் கேட்கிறார்கள், முகவரிச் சான்று கேட்கிறார்கள், சில இடங்களில் அதிகாரியின் பரிந்துரைக் கையெழுத்தும் கேட்கிறார்கள். நல்ல இலவசம்!

இப்போது ஆர்வத்துக்கு வருவோம். என்னை ஆண்டுக்கணக்காக உறுத்துவது இந்த ஒரு சொல்தான்.

போனக்காடு வெள்ளைக்காரன் காலத்துத் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே லயங்களில்தான் இருக்கிறோம். தோட்டம் முடங்கியது, சம்பளம் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி. குடியிருக்கும் வீடும் எங்கள் பெயரில் இல்லை. திருவனந்தபுரத்தில் 1829-இல் தோன்றிய மாநில மைய நூலகம் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அது இங்கிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு நாள் கூலி. தமிழ் வாசிக்கும் எங்கள் பெரியவர்களுக்கு அருகிலுள்ள நூலகங்களில் எத்தனை தமிழ்ப் புத்தகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், பேச்சாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். இத்தனையையும் தாண்டி வராதவனைத்தான் ஆர்வமில்லாதவன் என்கிறார்கள்.

மலையில் ஆர்வம் விளையாது என்பவர்கள் இடுக்கி மாவட்டத்து இடமலக்குடிக்குப் போய் வரட்டும். முதுவர் பழங்குடியினர் வாழும் காட்டூர் அது. அங்கே சின்னத்தம்பி என்பவர் தம் தேநீர்க்கடையிலேயே நூலகம் நடத்தினார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டுவழி நடந்துபோய்ப் பார்த்து 2014-இல் எழுதினார். இருந்தவை 160 புத்தகங்கள், அவையும் சாக்குப்பைகளில். மலையாள எழுத்தாளர்கள் பஷீரும் எம்.டி.யும் இருந்தார்கள், சிலப்பதிகாரத்தின் மலையாள மொழிபெயர்ப்பும் இருந்தது. உறுப்பினர் கட்டணம் 25 ரூபாய், மாதம் 2 ரூபாய். யார் எதை எடுத்தார் என்று பதிவேடு வேறு. 2013-இல் மட்டும் 37 முறை புத்தகம் வெளியே போயிருக்கிறது. குளிரூட்டிய வாசிப்பறை இல்லை, விழிப்புணர்வுப் பேரணி இல்லை, பொன்னாடையும் இல்லை. புத்தகம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆட்கள் பணம் கட்டிச் சேர்ந்தார்கள்.

வயநாட்டு மொதக்கரையில் பிரதிபா பொது நூலகத்தின் ராதாமணி, பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு வீடு வீடாக நடந்து பெண்களிடம் கொடுத்து வந்தவர். பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகும் திட்டம் கேரள நூலக மன்றத்திடமே இருக்கிறது. அந்தப் பை போனக்காட்டு ஏற்றம் ஏறக்கூடாது என்று சட்டம் ஏதும் உண்டா?

இன்னும் பின்னால் போகலாம். 1931 அக்டோபரில் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகக் கிளம்பியது. பின்னால் நின்றவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதே ஆண்டில் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியவர். புத்தகத்துக்குரிய வாசகரைத் தேடிச் சேர்ப்பது நூலகத்தின் பொறுப்பு என்பதுதான் அவற்றின் சாரம். மாட்டால் முடிந்தது ஜீப்பால் முடியாதா?

எல்லாவற்றையும்விட வேடிக்கை, இந்தப் பேச்சு நடக்கும் நாள். ஜூன் 19 பி.என். பணிக்கர் மறைந்த நாள். 1945-இல் 47 ஊர்ப்புற நூலகங்களைச் சேர்த்து அம்பலப்புழையில் திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் என்ற நூலகச் சங்கத்தைக் கட்டியவர் அவர். கிராமத்தைத் தேடிப் போன மனிதரின் நினைவுநாளில், கிராமம் தங்களைத் தேடி வரவில்லை என்று குறைப்படுகிறார்கள்!

"முதலில் விழிப்புணர்வு வேண்டும்" என்று ஒரு கடைசி வாதமும் உண்டு. எங்களுக்கு இருக்கிறது. உங்களுக்கு எப்போது வரும்?

நூலகத்தாரே, அடுத்த ஜூன் 19-க்கு லயத்து முற்றத்தில் ஒரு மேசை போடுங்கள். ரேஷன் கார்டைப் பார்த்து அங்கேயே அட்டை எழுதிக் கொடுங்கள். முன்பணம் கேட்காதீர்கள். கொண்டுவரும் பையில் தமிழ்ப் புத்தகமும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை தவறாமல் வாருங்கள். ஓராண்டு இப்படிச் செய்தும் எடுக்க ஆளில்லை என்றால் எங்களைத் தாராளமாகத் திட்டுங்கள். அதுவரை 'ஆர்வமில்லை' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.