வாங்கித் தந்த விடுதலையா?

“நிக்ரூமா கானாவுக்கு விடுதலை வாங்கித் தந்தார்” என்று நம் மாணவர்கள் எழுதுகின்றனர்; நாமும் சரியெனக் குறியிட்டு மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். மலாயா விடுதலை பெற்ற அதே 1957ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஆறு திங்கள் முன்னதாக, மார்ச் 6ஆம் நாள் விடுதலை எய்திய நாடு அது. அதன் வரலாறு இந்த ஒரு வாக்கியத்துள் அடங்குமா? விற்றவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன், மக்களோ கைந்நீட்டி நின்றவர்கள் என்றல்லவா அது சொல்கிறது!

கோல்டு கோஸ்ட் எனப்பட்ட அந்நாட்டில், 1947 ஆகஸ்டு 4ஆம் நாள் சால்ட்பாண்ட் நகரில் ஐக்கிய கோல்டு கோஸ்ட் மாநாட்டுக் கட்சி தோன்றியது. மர வணிகர் ஜார்ஜ் கிராண்ட் தலைவர். வழக்கறிஞர் டான்குவா அதன் சிந்தனையாளர். ‘இயன்ற விரைவில் தன்னாட்சி’ என்பது அவர்கள் கோரிக்கை. கற்றோரும் செல்வரும் கூடிய அவை அது. நிக்ரூமாவை அயல்நாட்டிலிருந்து பொதுச்செயலாளராக அழைத்ததும் அவ்வவையே.

ஆனால் நாட்டை உலுக்கியவர்கள் வேறு. நோயுற்ற கொக்கோ மரங்களை அரசு வெட்டிச் சாய்த்தபோது வயிறெரிந்தவர்கள் உழவர்கள். 1948 ஜனவரியில், விலையேற்றம் பொறாது அயலார் கடைகளை மக்கள் புறக்கணித்தனர். பிப்ரவரி 28ஆம் நாள், முன்னாள் போர்வீரர்கள் கோரிக்கை மனுவுடன் அக்ராவில் ஆளுநர் மாளிகை நோக்கி நடந்தனர். பர்மாப் போர்முனையில் பேரரசுக்காகக் குருதி சிந்திய படையினர் அவர்கள். பேரரசு அவர்களுக்குத் துப்பாக்கியால் விடையளித்தது, மூவர் மாண்டனர். நகரம் பற்றியெரிந்தது. தலைவர்கள் அறுவர் சிறைப்பட்டனர். அவர்களுக்காகக் குரல் எழுப்பிப் பள்ளியிழந்த மாணவர்க்கென்றே, அவ்வாண்டு கேப் கோஸ்ட்டில் கானா தேசியக் கல்லூரி எழுந்தது. நம் பாடக் குறிப்புகளில் இதற்கு ஒரு வரியேனும் உண்டா?

1949 ஜூன் 12ஆம் நாள் மக்கள் மாநாட்டுக் கட்சி பிறந்தது. ‘இயன்ற விரைவில்’ போய் ‘இப்பொழுதே’ வந்தது. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்ற இளைஞர், எழுத்தர், ஓட்டுநர், சந்தையில் கடை பரப்பிய பெண்டிர் ஆகியோரே அதன் தூண்கள். பிறர் வீட்டுத் திண்ணையில் உறங்குவோர் என்னும் பொருளில் இவர்களைத் ‘திண்ணைப் பையன்கள்’ என்று மேலோர் எள்ளினர். அவ்விளைஞர்களோ அந்த ஏளனத்தையே விருதாகச் சூடிக்கொண்டனர்.

“தலைவனின்றிக் கட்சி ஏது?” என வினவலாம். நிக்ரூமாவின் ஆற்றலை மறுப்பார் இலர். எனினும் 1951 பிப்ரவரித் தேர்தலின்போது அவர் சிறையில் இருந்தார். வெளியே நின்று தேர்தல் பணியை முன்னின்று நடத்தியவர் குபெடெமா. மக்கள் நேரடியாகவும் மறைமுகமாகவும் தேர்ந்த 38 இடங்களில் 34 அக்கட்சிக்கு! அக்ராவில் பதிவான 23,122 வாக்குகளுள் 22,780 சிறையிலிருந்த மனிதருக்கு! கதவைத் திறந்துவிடுவதன்றி ஆளுநருக்கு வேறு வழியில்லை. யார் யாருக்கு விடுதலை வாங்கித் தந்தது?

இது வெறும் சொற்பூசல் அன்று. ஒருவரே தந்தார் என்று நாடு நம்பத் தொடங்கியபின், அவரை மறுப்பதே நாட்டை மறுப்பதாயிற்று. 1958இல், விசாரணையின்றி ஐந்தாண்டு வரை சிறைவைக்கும் சட்டம் வந்தது. வெள்ளையன் சிறையில் நிக்ரூமாவோடு இருந்த டான்குவா, 1965இல் விடுதலை பெற்ற கானாவின் நிசாவம் சிறையில் மாண்டார். குபெடெமா 1961இலேயே நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். 1964இல் மக்கள் மாநாட்டுக் கட்சி ஒன்றே நாட்டின் கட்சி என்றாயிற்று.

1966 பிப்ரவரி 24ஆம் நாள், நிக்ரூமா அயல்நாட்டுப் பயணத்தில் இருந்தபோது, படையினரும் காவல்துறையினரும் ஆட்சியைக் கைப்பற்றிக் கட்சியைத் தடைசெய்தனர். சிறையிலிருந்த தலைவனை வெல்லவைத்த அந்தக் கட்சி, அன்று அவருக்காக எழவில்லை.