திரையிட்ட துயரம்

"இதில் என்ன இருக்கிறது? குழந்தை கிறுக்கியதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" அரூப ஓவியத்தைக் கண்டதும் நம்மவரிடையே எழும் முதற்கேள்வி இதுவே. உருவம் இல்லையேல் பொருளும் இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பக்தியுள்ள இல்லங்களில் இத்தீர்ப்புக்கு இன்னொரு நியாயமும் துணைக்கு வரும்: வாக்கு மனிதரானார் என்று அறிக்கையிடும் நமக்கு முகமற்ற கலை எதற்கு? இவ்விரு வாதங்களும் நம்மிடையே கேள்வியின்றிச் செலாவணியாகி வருகின்றன. அவற்றை உரசிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்பதே நம் கருத்து.

உரைகல்லாக ஓர் ஓவியக் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் 4 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், தன் மெட் புரோயர் கட்டிடத்தில், ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் தனிக்காட்சியைத் தொடங்கியது. 'எல்லாவற்றுக்கும் பின்னும் ஓவியம்' என்பது அதன் தலைப்பின் பொருள். பெருந்தொற்றினால் ஒன்பதே நாட்களில் மூடப்பட்ட அக்காட்சி, அக்கட்டிடத்தில் மீண்டும் திறக்கப்படவே இல்லை. அங்கு வைக்கப்பட்டவற்றுள் 'பிர்கனாவ்' என்னும் பெயர் தாங்கிய நான்கு ஓவியங்கள் இருந்தன. 2014இல் தீட்டப்பட்ட அவை ஒவ்வொன்றும் 260 செ.மீ. உயரமும் 200 செ.மீ. அகலமும் கொண்டவை. கருமை, சாம்பல், வெண்மை, இடையிடையே பச்சையும் சிவப்பும். மனிதர் இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. நம் தீர்ப்பின்படி, அங்கு ஒன்றுமே இல்லை.

அந்த வண்ணங்களுக்கு அடியில் இருப்பது என்ன? 1944 ஆகஸ்டில், ஆஷ்விட்ஸ்-பிர்கனாவ் வதைமுகாமில், பிணங்களை எரிக்கும் பணிக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட யூதக் கைதிகள், உயிரைப் பணயம் வைத்து மறைவாக எடுத்த நான்கு புகைப்படங்கள் உண்டு. நச்சுவாயு அறைக்குத் துரத்தப்படும் பெண்களும், திறந்தவெளியில் எரியும் உடல்களும் அவற்றில் பதிந்துள்ளன. உலகம் அறியவேண்டும் என்று முகாமுக்கு வெளியே கடத்தப்பட்டவை அவை. ரிக்டர் அப்படங்களையே முதலில் திரைச்சீலைகளில் வரைந்தார். பின்னர் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசி, நீண்ட பலகையால் இழுத்தும் சுரண்டியும், வரைந்த அனைத்தும் மறையும்வரை மூடினார்.

வரையத் தெரியாதவர் கைக்கொண்ட தந்திரம் என்று இதனை யாரும் சொல்லிவிட முடியாது. 1932இல் டிரெஸ்டனில் பிறந்த ரிக்டர், இராணுவச் சீருடை அணிந்த தம் மாமாவையும், நாஜிகளின் 'கருணைக் கொலை' திட்டத்திற்குப் பலியான தம் சித்தியையும் புகைப்படம் போலவே 1965இல் தீட்டியவர். உருவம் வரையும் ஆற்றல் அவரிடம் குறைவின்றி இருந்தது. எரியும் அந்த உடல்களின்முன் அவ்வாற்றலே போதாமற்போயிற்று.

இதனை நம் வழிபாடு எப்போதோ அறிந்திருக்கிறது. தவக்காலத்தின் இறுதி நாட்களில் பாடுபட்ட சுரூபத்தை ஊதாத் துணியால் மூடும் வழக்கம் நமக்கு உண்டு. ஆண்டவரின் பாடுகளை மிக நெருங்கித் தியானிக்கும் நாட்களிலேயே அவர் உருவத்தை நம் கண்ணுக்கு மறைக்கிறோம். அத்துணிக்குமுன் முழந்தாளிடுகிற எவரும், "இங்கு ஒன்றும் இல்லையே" என்று கேட்பதில்லை. திருவழிபாட்டில் புரிகிற உண்மை, அருங்காட்சியகத்தின் வாசலில் மட்டும் நமக்கு ஏன் புரியாமற்போகிறது?

இரண்டாம் வாதத்தை எழுப்பியவர்களுள் திருச்சபையின் மூத்த மேய்ப்பர் ஒருவரும் உண்டு. 2007இல் கொலோன் பேராலயத்தின் தென்புறச் சாளரம் ரிக்டரின் வடிவமைப்பில், 72 வண்ணங்களில், 11,000க்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களால் நிறைவுற்றது. பேராலயத்தினர் முதலில் விரும்பியது இருபதாம் நூற்றாண்டு மறைசாட்சிகளின் உருவங்களை. அவர்களுள் ஆஷ்விட்ஸில் 1941இல் மாண்ட புனித மாக்சிமிலியன் கோல்பேயும், 1942இல் பிர்கனாவில் கொல்லப்பட்ட புனித எடித் ஸ்டெயினும் அடங்குவர். ரிக்டர் அதனைத் தம்மால் இயலாதென்று கைவிட்டு, வண்ண ஒளியைத் தந்தார். இச்சாளரம் பள்ளிவாசலுக்கே பொருந்தும் என்னும் கருத்துப்பட அன்றைய பேராயர் கர்தினால் மைஸ்னர் குறைகூறினார். முகமுள்ள கடவுளை அறிவிக்கும் திருச்சபையின் கவலை அது. அதனை நாம் மதிக்கிறோம். எனினும் அவர் முடிபுடன் உடன்பட இயலவில்லை. மறைசாட்சிகளின் முகங்களை அழகுற வரைந்து முடித்தபின், அவர்களுடைய சாவு நமக்குப் பழகிப்போகும் ஆபத்து உண்டல்லவா? வரைய இயலவில்லை என்று ஒரு கலைஞர் கைகுவித்து நிற்பதும் அவர்களுக்குச் செய்யும் வணக்கமே.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் வேறொன்று உண்டு. நெருப்பில் மாண்டவர்களின் சாட்சியத்தை வண்ணத்தால் மூட ஓவியருக்கு யார் உரிமை தந்தது? மூடுவது மறக்கச்செய்வது ஆகாதா? கேட்கத்தக்க கேள்வி. இவ்வோவியங்கள் காட்சிக்கு வந்தபோது அந்த நான்கு புகைப்படங்களின் படிகளும் உடன் வைக்கப்பட்டன என்பதே அதற்கு விடை. சாட்சியம் அழிக்கப்படவில்லை, அருகிலேயே நிற்கிறது. அதனைக் கண்டுவிட்டு ஓவியத்தின் பக்கம் திரும்புகிறவர், தாம் கண்டதைத் தம் உள்ளத்தில் சுமந்தே அதன்முன் நிற்கிறார்.

அரூப ஓவியம் செல்வரின் விளையாட்டுப்பொருள் என்று சொல்வோரும் உளர். ரிக்டரின் 1986ஆம் ஆண்டு அரூப ஓவியம் ஒன்று 2015இல் இலண்டன் ஏலத்தில் 3 கோடி பவுண்டுக்கும் மேல் விலைபோயிற்று. அந்தச் சந்தையின் வெறியை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் பிர்கனாவ் ஓவியங்களை ரிக்டர் விற்பனைக்கு விடவில்லை. ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தார். 2023இல் அவை பெர்லினின் புதிய தேசிய கலைக்கூடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. சந்தையின் பாவத்தைக் கலையின் தலையில் சுமத்துவது நீதியன்று.

எல்லா அரூப ஓவியங்களும் உயர்ந்தவை என்று நாம் வாதாடவில்லை. வெறுமையை வண்ணத்தால் மறைப்பவையும் உண்டு. உருவ ஓவியங்களிலும் அத்தகையவை ஏராளம். பார்க்கும் முன்பே நகைக்கும் வழக்கத்தைத்தான் கைவிடக் கேட்கிறோம். திரைக்குப்பின் இருப்பவரை வணங்கப் பயின்றவர்கள் நாம். வண்ணத் திரை ஒன்றின்முன் சில நிமிடங்கள் வாய்மூடி நிற்க நமக்கு இயலாதென்றால், தவக்காலத் துணிக்குமுன் நாம் இடும் முழந்தாளும் வெறும் பழக்கமோ என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.