வரியின் வாலைப் பிடிக்காதீர்கள்

பாட்டெழுத வருகிற பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், 'காதல்'னு முடியுது, அதுக்கு ரைமிங்கா ஒரு வார்த்தை சொல்லுங்க." மோதல், சாதல், கூடல், ஊடல் என்று ஒரு பட்டியலும் கையில் இருக்கும். வரிக் கடைசியில் ஓசை ஒத்துப்போனால் எதுகை மோனை வந்துவிட்டதாம். மேடையில் அடுக்குமொழி பேசுகிறவர்களும் இதையே நம்புகிறார்கள். நம்பிக்கை பெரிது, விஷயம் தப்பு.

கடைசியில் ஒத்து வருவது இயைபு. மோனைக்கு முதல் எழுத்து, எதுகைக்கு இரண்டாம் எழுத்து. எதுகையில் முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும்: 'கட்டு'க்குப் 'பட்டு' பொருந்தும், 'பாட்டு' பொருந்தாது. ஏட்டைத் தொடாதவர்களுக்கும் இது காதில் இருந்தது. 'ஆடிப் பட்டம் தேடி விதை', 'விளையும் பயிர் முளையிலே தெரியும்', 'கூழானாலும் குளித்துக் குடி'. இவற்றில் எது கடைசி ஓசையால் நிற்கிறது?

இயைபு நம் மொழியில் படுமலிவு. வந்தாள், நின்றாள், சிரித்தாள், மறைந்தாள். இதில் கவிஞர் செய்தது என்ன? விகுதி தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மளிகைக் கடன்கூட அப்படிப் பாட்டாகிவிடும்: அரிசி வாங்கினேன், பாக்கி வைத்தேன், வீடு வந்தேன். ஆங்கிலத்தில் விகுதி இவ்வளவு தாராளமாக உதவாது. அங்கே கடைசி ஓசைக்கு உழைக்க வேண்டும், அதனால் அதற்கு மதிப்பு. அந்த மதிப்பை இங்கே இறக்குமதி செய்வானேன்?

அந்தக் 'காதலை'யே வரியின் முதலில் வைத்து எதுகை தேடுங்கள். பாதை வரும், தூது வரும், வேதனை வரும், சாதியும் வரும். காதலுக்குப் பக்கத்தில் சாதி வந்து நின்றதும் பாட்டு வேறு திசையில் போகத் தொடங்குகிறது. வால்பக்கப் பட்டியலில் அந்தச் சொல் எந்தக் காலத்திலும் அகப்படாது.

சிந்திலும் கும்மியிலும் இயைபுக்கு நல்ல இடம் உண்டு, மறுக்கவில்லை. மெட்டுக்கு எழுதும்போது பல்லவி முடியும் இடத்தில் அது கைகொடுக்கும். ஆனால் அது மட்டுமே பாட்டு என்பதுதான் வம்பு. "அப்போ மரபைக் கட்டிக்கிட்டு அழணுமா?" என்று கேட்பவர்களுக்கு: மோனை, எதுகை, இயைபு என்று ஒரு தொடையும் இல்லாமல் வருவதற்கும் செந்தொடை என்று பெயர் வைத்தது நம் யாப்பு. கட்டாயப்படுத்தியவர் யாருமில்லை.

பட்டியல்தான் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதியின் நான்காம் பகுதி தொடையகராதி. எதுகைக்குச் சொல் தேடுகிறவர்களுக்காகவே தொகுத்தது. தமிழின் காது எங்கே இருக்கிறது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரிந்திருந்தது.