பல்லு போனா சொல்லு மட்டுமா போச்சு?

"வயசானா பல்லு விழத்தானே செய்யும்!" இந்த டயலாக்கைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

வயசு பல்லைப் பிடுங்குறதில்லைங்க. பெரும்பாலும் சொத்தையும் ஈறு நோயும்தான் பிடுங்குது. ரெண்டையுமே தடுக்கலாம். ஜப்பான்ல 1989-ல '8020'ன்னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. 80 வயசுலயும் 20 சொந்தப் பல்லு இருக்கணும்கிறது இலக்கு. 2016 கணக்கெடுப்புல, அந்த வயசுக்காரங்கள்ல பாதிப் பேருக்கு மேல அதைத் தொட்டுட்டாங்க. அவங்களுக்கு மட்டும் என்ன இரும்புப் பல்லா?

நம்ம வீட்டுல? கண்ணுல புரைன்னா ஓடுறோம். முட்டி வலின்னா ஸ்கேன் எடுக்குறோம். பல்லு ஆடுதுன்னா மட்டும், "கஞ்சியாக் குடிச்சுக்கோங்கப்பா"ன்னு முடிச்சிடுறோம். அப்பா அம்மாவுக்காக நான் போட்டிருக்கிற இன்சூரன்ஸும் இதே கதைதான். கண்புரை ஆபரேஷன் உண்டு, பல் அடைக்கக் காசு கிடையாது. வாய் என்ன, உடம்போட சேராத தனி டிபார்ட்மெண்ட்டா?

சர்க்கரை ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரையைக் கட்டுப்படுத்துறதும் கஷ்டம். தினமும் முழுங்குற மாத்திரைகள்ல பலது எச்சிலைக் குறைக்கும், அப்புறம் சொத்தைக்குக் கொண்டாட்டம்தான். படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வாய்க் கிருமி நுரையீரல்ல இறங்கினா நிமோனியாவே வரலாம். இதெல்லாம் வெறும் பல்லு சமாச்சாரமா?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். காலையிலயும் ராத்திரியும் ஃப்ளூரைடு பேஸ்ட். பல்செட் இருந்தா, தூங்குறதுக்கு முன்னாடி கழட்டிக் கழுவித் தண்ணியில போடணும். வலி வர்றதுக்கு முன்னாடியே பல் டாக்டரைப் பார்க்கணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஸ்வீட் பாக்ஸை அப்புறம் நீட்டுங்க மக்களே. முதல்ல, "வாயைத் திறந்து காட்டும்மா"ன்னு கேளுங்க!